புகையிலை ஊறிய புதுப்பானை

போன வாரம் நர்சரிப் பக்கம் வந்திருந்தேன். வராந்தாவில் வைத்திருந்த குரோட்டன்ஸில் மாவுப்பூச்சி விழுந்துவிட்டது என்று ஒரு அம்மா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். உங்களில் ஒரு தம்பி, பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும், புகையிலைத் தண்ணீரைக் காலி சோடா பாட்டில் ஒன்றில் ஊற்றி, "இலையிலிருந்து எடுத்ததுங்க, பயப்படவே வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினான். அந்த அம்மா கேட்டைத் தாண்டுவதற்குள் நான் ஓடிப்போய்ப் பாட்டிலை வாங்கிவிட்டேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்தால் சிரியுங்கள். ஆனால் ஏன் ஓடினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

டப்பாவில் வருகிற மருந்து என்றால் உங்களுக்குப் பயம். மண்டை ஓடு படம் போட்டிருக்கிறது, பயப்படுகிறீர்கள், சரி. புகையிலைக் கஷாயம் என்றால் மட்டும் ஏதோ சீரகத் தண்ணீர் மாதிரி கையை விட்டுக் கலக்குகிறீர்கள். செடியிலிருந்து வந்ததெல்லாம் சாது என்று உங்களுக்கு யார் சொன்னது? எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது. எத்தனை பங்கு தண்ணீர், எவ்வளவு சோப்பு என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது, அதற்கு நான் தேவையில்லை. கையேட்டில் இல்லாத ஒரு விஷயம் கொல்லிமலையில் நடந்தது.

சுதந்திரத்துக்கு முன்னால், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டர். பூச்சி விழுந்த தோட்டங்களைத் தேடிப்போய் மருந்து அடித்துக் காட்டுவது என் வேலை. அப்போது மலைமேல் பஸ் ஏது, ரோடு ஏது? பித்தளைப் பம்பு, புகையிலைக் காம்பு மூட்டை, சோப்புக் கட்டி எல்லாம் ஆள் தலையில் ஏறி ஒற்றையடிப் பாதையில் வர வேண்டும். என்னோடு வந்தவர் செங்கோடன். இலாகாவில் மேஸ்திரி, அடிவாரத்து ஊர்க்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். மரியாதை என்றால் அவருக்கு உயிர். ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால்கூடச் சொம்பைத் தரையில் வைக்க மாட்டார். கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார். அந்த மனிதரைப் பற்றி நான் இங்கே சொல்வதை யாரும் இளப்பமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலைமேல் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். குண்டனி நாட்டில் சடையன் என்று ஒரு விவசாயி. அவருக்குச் சாமைக் காடு, கொஞ்சம் மரவள்ளி, வீட்டை ஒட்டி ஒரு பெரிய அவரைப் பந்தல். அந்தப் பந்தலில் அசுவணிப் பூச்சி விழுந்து, கொடி நுனியெல்லாம் மை பூசினாற்போல் கறுத்துக் கிடந்தது. பந்தலுக்கு எஜமானி அவர் மனைவி பொன்னாயி. சில நாளில் மகனுக்குக் கல்யாணம். யுத்தக் காலத்தில் சந்தைக்குப் போய் எதையும் அள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. விருந்துக்கும் அந்தப் பந்தல்தான், விருந்துக்குப் பிறகு புதுப்பெண் வந்து ஒரு வாய் கூடுகிற வீட்டுக்கும் அந்தப் பந்தல்தான்.

"ஏனுங்க, பூச்சி சாவறது இருக்கட்டும். எங்களுக்குக் காயி மிஞ்சுமுங்களா?" என்று கேட்டார் பொன்னாயி.

"மொதல்ல நல்ல காயெல்லாம் பறிச்சு உள்ளே வெச்சிருங்க அக்கா. அப்புறந்தான் மருந்து. அடிச்சதுக்குப் பொறவு நான் சொல்ற வரைக்கும் பந்தல்ல கைய வைக்கக் கூடாது" என்றேன்.

பறித்தார்கள். கூடைகள் நிறைந்தன. உண்ணுகிற பொருளுக்கு மருந்து படாமல் பார்த்துக்கொண்டோம் என்று எனக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி. சோப்பு தீர்ந்து போயிருந்தது. அதைத் தேடி நான் செம்மேட்டுக்கு நடந்தேன். புகையிலையை ஊற வைத்து வடிகட்டுகிற வேலையைச் செங்கோடண்ணனிடம் விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் நான் திரும்பியபோது கஷாயம் வடிகட்டிப் பம்பு வாளியில் தயாராக இருந்தது. சோப்பைக் கரைத்து விட்டு அடித்தோம். அசுவணி கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தது. சடையனுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு பேரும் கண்ணாலத்துக்கு வந்தே ஆவணும்" என்று சொல்லித்தான் எங்களை அடுத்த ஊருக்கு அனுப்பினார்.

கல்யாணத்தன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் சோளக்காடு என்ற ஊரிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். சில நாளாகவே செங்கோடண்ணன் சோறு ஆக்காமல் மூன்று வேளையும் ராகிக் களியே தின்றுகொண்டிருந்தார். வழியில் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏனண்ணா, வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசி என்ன ஆச்சு?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "அதைப் பொன்னாயம்மாவுக்குக் குடுத்துட்டேனுங்க சார். நம்ம தகர டின்னு பாறையில மோதி ஓட்டையாப் போச்சுங்க. பொகையில ஊற வெக்க அவிங்ககிட்டத்தான் பானை வாங்கினேன். திருப்பிக் குடுக்கறப்ப வெறும் பானையாக் குடுக்கலாமுங்களா? அதுவும் கண்ணால ஊட்டுக்கு? அரிசியப் போட்டு நெறைச்சுக் குடுத்தேனுங்க."

"பானையா? என்ன பானை?"

"மண்பானைதானுங்க. சோறாக்கற பானையில பொகையிலையப் போட்டாப் பாவமில்லீங்களா? அதனால பொழங்காத பானையாக் கேட்டேன். கண்ணாலத்துக்குன்னு கீழ இருந்து வாங்கியாந்த புதுப்பானையில ஒண்ணை எடுத்துக் குடுத்தாங்க. சும்மா குடுக்கலீங்க சார். சாம்பல் போட்டுத் தேச்சு, கழுவி, வெயில்ல காய வெச்சுத்தான் குடுத்தேன்."

நான் நடையை நிறுத்திவிட்டேன். புதுப்பானை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். முதல் தடவை தண்ணீர் ஊற்றினால் பாதியைத் தானே குடித்துவிடும். ஒரு ராத்திரி முழுக்க அது குடித்தது புகையிலைச் சாறு. அதை மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இறங்கியது உள்ளேதான் இருக்கும். கீழே ஒரு பண்ணையில், கஷாயம் வடிகட்டிய கையைச் சரியாகக் கழுவாமல் சோறு தின்ற ஓர் ஆளை நான் பார்த்திருக்கிறேன். வேர்த்து விறுவிறுத்து, வாந்தி எடுத்து, கண் செருகிக் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் மாடு மாதிரி ஆள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பானையில் எவ்வளவு ஊறியிருக்கும், சோறு வெந்தால் எவ்வளவு வெளியே வரும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் போயிருக்கலாம். வழியெல்லாம் என் மனசு அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தது. அண்ணன்தான் நன்றாகத் தேய்த்திருக்கிறாரே, ஊர் முழுக்கப் புகையிலை மெல்லுகிறவர்கள்தானே, நீ ஏன் கல்யாண வீட்டில் போய்க் கலகம் பண்ணுகிறாய் என்று. வேலையில் இந்தக் குரல் உங்களுக்கும் வரும். ரொம்ப நியாயமாகப் பேசும். எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். தாலி ஏறியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பானைச் சோற்றை முதலில் உண்ண வேண்டும், அதன் பிறகுதான் பந்தி. அதுவரை இரண்டு பேரும் வெறும் வயிறு. சாமைச் சோறு ஆக்கத்தான் முதலில் நினைத்திருந்தார்களாம். வெளியூர் மனிதர் கையால் நிறைபானையாக நெல்லரிசி வந்ததைப் பொன்னாயி நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அரிசியை வேறு பானைக்கு மாற்றக்கூட இல்லை, அதே பானையில் உலை வைத்துவிட்டார். நாங்கள் பார்த்தபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

பெண் நல்லம்மாள் ஓரமாக உட்கார்ந்திருந்தது. வேறு ஊர்ப் பெண், அன்றைக்குத்தான் அந்த வீட்டில் கால் வைத்திருக்கிறது. பசியில் முகம் வாடியிருந்தாலும் யாராவது பார்த்தால் சிரித்தது.

செங்கோடண்ணன் என் காதருகே வந்தார். "சார், நான் தடுக்கி உழுந்தாப்ல போய்ப் பானையத் தட்டி உட்டுடறேனுங்க. ஒடைஞ்சு போவட்டும். அடிச்சா நான் வாங்கிக்கறேன்."

"வேண்டாம் அண்ணா" என்றேன். கல்யாண வீட்டில் பானை உடைந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் பானை உடைகிற இடம் சுடுகாடு. அன்று உடைந்திருந்தால், அந்தப் பேச்சு செங்கோடண்ணன் தலையோடு போகாது. காலடி எடுத்து வைத்ததுமே பானை உடைந்தது என்று அந்தப் பெண்ணின் தலையில்தான் ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மழை பொய்த்தாலும், ஆயுசுக்கும் அவள்தான் காரணம். விஷம், விஷம் என்று நான் கூட்டத்தில் கத்தினாலும் அதே கதைதான். பானையைத் தூக்கி எறிவது சுலபம், அதற்கப்புறம் அந்தப் பெண் அந்த வீட்டில் வாழ வேண்டுமே.

யோசிக்க நேரமில்லை. சோற்றை இறக்குகிற பக்குவம் வந்துகொண்டிருந்தது. நான் நேராகப் பொன்னாயியிடம் போனேன். "அக்கா, பந்தலை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா? இப்பவே."

"சோறு எறக்கற நேரத்துலயா?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பந்தலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். செங்கோடண்ணனும் பின்னாலேயே வந்து நின்றார். சுற்றி வளைக்கவில்லை. எதில் ஊற வைத்தது, பானை என்ன குடித்திருக்கும், சாப்பிட்டால் என்ன ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்பது வரை.

"பொகையிலதானுங்களே? நாங்க தெனமும் வாயில அடக்கறதுதானுங்களே?"

"அடக்கிட்டுத் துப்பறீங்க. முழுங்கறதில்லையே அக்கா. அதுவும் வெறும் வயித்துல?"

பொன்னாயி செங்கோடண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "ஏய்யா, நல்லது பண்றேன்னு எம்மவனுக்கும் அந்தப் புள்ளைக்கும் நஞ்சையா கொண்டாந்து குடுத்தே?" சத்தம் போடாமல்தான் கேட்டார். அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. அந்தக் கோபத்துக்கு அந்தத் தாய்க்கு உரிமை இருந்தது.

பொன்னாயி ஒரு கொடியை எட்டிப் பிடித்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: "பானை ஒடையக் கூடாது. சோறு வாய்க்குப் போவக் கூடாது. அந்தப் புள்ளை காதுல உழுவக் கூடாது." அவ்வளவுதான். விறுவிறு என்று உள்ளே போனார்.

நாங்கள் பின்னால் போவதற்குள் அவர் அடுப்பருகே நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். "பூச்சி உழுந்து போன பந்தலு பொழைச்சு வந்து இந்த விருந்துக்குக் காய் குடுத்திருக்குது. மொத பானைச் சோறு அந்த மண்ணுக்கு. பானையோட பந்தலடியில எறக்கிட்டு அப்பறம் புள்ளைங்களுக்குச் சோறு."

சடையனே விழித்தார். ஊர்க்கவுண்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "இதென்ன பொன்னாயி, புது மொறை? நம்ம நாட்டுல ஆரும் இப்படிச் செஞ்சதில்லையே?"

"நீங்க பூச்சி உழுந்தப்ப இந்தப் பந்தலைப் பாத்தீங்களா? நான் பாத்தேன். மண்ணுக்குத் தரேன்னு அன்னிக்கே மனசுல நெனச்சுப்புட்டேன். குடுக்காமப் புள்ளைங்க வாயில வெக்கச் சொல்றீங்களா?"

மண்ணுக்கு நேர்ந்ததை வேண்டாம் என்று எந்த ஊர்க்கவுண்டர் சொல்வார்? பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணனின் சிவந்த கண்ணையும் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். "நேந்துக்கிட்டதைக் குடுத்துருங்கப்பா" என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சடையன் பானையைச் சுமந்து வந்தார். குழி தோண்டுகிற வேலையை நானும் செங்கோடண்ணனும் எடுத்துக்கொண்டோம். நாய் கிளறி எடுத்துவிடக் கூடாது என்று இடுப்பளவு ஆழம் தோண்டி, மூடி, மேலே ஒரு பாறாங்கல்லையும் உருட்டி வைத்தோம். மண்ணுக்குச் சோறு கொடுக்க இத்தனை ஆழம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். ஆழமாகப் போனால்தான் வேருக்குப் போகும் என்று சொல்லிவைத்தேன். பொய்தான். எனக்கு அதில் வருத்தமில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு பானையில் ஆக்கிய சாமைச் சோறு தின்றார்கள். அந்தப் பெண் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் நான் கையிலிருந்த மண்ணைக் கழுவப் போனேன். பந்தி போட்டபோது செங்கோடண்ணனைக் காணவில்லை. பந்தலுக்கு அந்தப் பக்கம் போய்க் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார், ஊருக்குக் கிளம்பிவிடுகிற முகம். பொன்னாயியே இலையைக் கொண்டுபோய் அவர் எதிரில் போட்டார்.

"வெறும் பானை குடுக்கக் கூடாதுன்னு நெனச்ச மனுசன், எங்கூட்டுல இருந்து வெறும் வயித்தோட போவக் கூடாது. தின்னுங்க."

அவர் தின்றார். அழுதுகொண்டே தின்றார்.

அதன் பிறகு எங்கள் மூட்டையில் முதல் சாமான் தகர டின். கறுப்புத் தார் பூசி, புகையிலைக்கு என்று தனியாக வைத்துக்கொண்டோம். அது ஓட்டையானால் அன்றைக்கு மருந்து அடிப்பது கிடையாது, எத்தனை பெரிய அதிகாரி வந்து நின்றாலும் கிடையாது. பூச்சி இன்னும் ஒரு நாள் தின்றுவிட்டுப் போகட்டும். எங்கள் கண் செடியின் மேலேயே இருந்தது, அதுதான் நடந்தது. இலை, காய், பூச்சி எல்லாம் பார்த்தோம். ஊற வைத்த பாத்திரம், வடிகட்டிய துணி, கலக்கிய குச்சி இவை எல்லாம் வேலை முடிந்ததும் எங்கே போகின்றன என்று பார்க்கவில்லை. மருந்து செடியோடு நிற்பதில்லை, தம்பிகளே. அது வீட்டுக்குள் போகிறது, அதுவும் நம் நல்ல மனசைப் பிடித்துக்கொண்டு போகிறது.

ரோடு போட்டு, பஸ் ஓட ஆரம்பித்து, எனக்கும் நரை விழுந்த பிறகு ஒரு முறை மிளகுக் கொடி பார்க்க அந்தப் பக்கம் போனேன். பொன்னாயி காலமாகிவிட்டிருந்தார். நல்லம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு வீட்டுக்கு இழுத்துப்போனார். அவருடைய மகனுக்கு அன்று கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும், கொதித்து இறக்கிய முதல் பானையைப் பந்தலடிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் இப்படித்தான், ஆதியிலிருந்து வருகிற முறை என்று பக்கத்தில் நின்ற இளைஞர் எனக்கு விளக்கம் சொன்னார்.

குழிக்கு முன்னால் பானையை இறக்கி வைத்தார்கள். நல்லம்மாள் எல்லோரும் கேட்க உரக்கக் கேட்டார்: "இந்தப் பானை எங்கிருந்து வந்துச்சு? இதுக்கு முன்னால இதுல என்ன இருந்துச்சு?" பானை வாங்கி வந்தவர், தண்ணீர் ஊற்றியவர், அரிசி போட்டவர் என்று ஒவ்வொருவராக முன்னே வந்து பதில் சொன்னார்கள். அடுப்பில் இருந்த மற்றப் பானைகளுக்கும் அதே கேள்வி, அதே மாதிரி பதில். எல்லாம் முடிந்த பிறகுதான் இலை போட்டார்கள்.

கூட்டம் பந்திக்குப் போன பிறகு நல்லம்மாளிடம் மெல்லக் கேட்டேன். "அம்மா, உங்க கல்யாணத்துல என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தலைச்சன் பொறந்தப்ப அத்தை எல்லாஞ் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு கல்யாணத்திலும் நல்ல சோற்றைப் புதைக்கிறீங்க?"

நல்லம்மாள் சிரித்தார். "பொதைக்கறது பெருசில்லீங்க. கேக்கறதுதான் பெருசு. உங்கூட்டுப் பானையில முன்னால என்ன இருந்துச்சுன்னு நாஞ் சும்மா போய்க் கேட்டா எம்மேல சந்தேகமான்னு கோவிச்சுக்குவாங்க. சாமி காரியம்னா ஆரும் கோவிச்சுக்க மாட்டாங்க, பதிலுஞ் சொல்லித்தான ஆவணும்? வாங்க, உங்க எலையில சோறு ஆறுது."